ஆறுமுகத்துக்குப் புரிந்த படம்

திருத்தணியைச் சுற்றி நடந்த கல்யாணங்களில் ஐந்து ஆண்டுகளாக மணமக்களின் பெயரைப் பறக்க விட்டவள் பிரபாவதி. வீடியோ தொடங்கியதும் பிள்ளையார் வருவார். ரோஜா இதழ் கொட்டும். இரண்டு இதயங்கள் எங்கிருந்தோ சுழன்று வந்து ஒட்டிக்கொள்ளும். நடுவே தங்க எழுத்தில் இரண்டு பெயர்கள் மின்னும். பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். உண்மையில் சென்னையிலிருந்து வந்த ஒரு சிடியில் இதயமும் இதழும் முன்பே தயாராக இருந்தன. பெயரை மட்டும் மாற்ற வேண்டும். அந்த வேலையை அவள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே செய்து முடிப்பாள்.

ஊர் கே.ஜி.கண்டிகை. கூலிக்குக் களை எடுக்கிற வீடு. 2000-ஆம் ஆண்டு பிளஸ் டூ முடித்ததும், அரக்கோணம் சாலையில் கோதண்டபாணி நடத்திய வீடியோ ஸ்டூடியோவில் கேசட் மேல் பெயர் எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள். கேசட் ஒழிந்து சிடி வந்தது. எழுதும் வேலை போனது. "அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரும்மா, அது ஒண்ணும் கடிக்காது" என்றார் கோதண்டபாணி. உட்கார்ந்தாள்.

2007 ஆவணியில் அவளுக்கே கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கிருஷ்ணன், அவளுடைய அம்மா கெங்கம்மாளின் கடைசித் தம்பி. கண்டிகைக்கும் திருத்தணிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்லவன். "பொண்ணுக்கு எதுக்கு பன்னண்டாவது" என்று அவளுடைய அப்பா சொன்னபோது அக்காவிடம் சண்டை போட்டு அவளைப் படிக்க வைத்தவன் அவன்தான். அவளுக்கு அவனைப் பிடிக்கும். தாய்மாமன் இருக்க வெளியே மாப்பிள்ளை தேடுவது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாத காரியம். கெங்கம்மாளே தன் தாய்மாமனைக் கட்டியவள்தான்.

அந்தக் கல்யாணத்தில் பிறந்த முதல் பிள்ளை ஆறுமுகம். பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் இல்லை. அவனுக்குப் பிறகு பிரபாவதி. இருவரோடு சரி.

ஆறுமுகத்தை ஐந்து வயதில் பள்ளிக்கு அழைத்துப் போனபோது, "காது கேக்காத புள்ளைய இங்க இன்னாத்துக்கு இஸ்துகினு வந்த?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கேட்க முடியாதவனுக்குப் பார்க்க முடியும், பார்த்துக் கற்க முடியும் என்பது அந்த வாசலில் நின்ற படித்தவருக்குத் தெரியவில்லை. ஆறுமுகம் மலையடிவாரத்தில் ஒரு பூக்கடையில் சேர்ந்து மாலை கட்டக் கற்றுக்கொண்டான். வீட்டில் அவனோடு விரலாலும் புருவத்தாலும் பேசுவார்கள். அந்த மொழியில் பிரபாவதி எல்லோரையும் விடச் சரளம்.

பழி மட்டும் கெங்கம்மாளுக்கு. 1980 பிப்ரவரியில் சூரிய கிரகணம் வந்தபோது ஆறுமுகம் அவள் வயிற்றில் இருந்தான். ஊரே கதவை அடைத்துக்கொண்டு கிடந்த அந்த மதியம், பண்ணைக்காரர் வீட்டு மாடுகளுக்குப் புல் அறுக்க அவளை அனுப்பினார்கள். மாட்டுக்குக் கிரகணம் தெரியாது. போகாவிட்டால் மறுநாள் வேலை இல்லை. போனாள். பிறந்த பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் அனுப்பிய பண்ணைக்காரரை ஒருவரும் கேட்கவில்லை. போனவள்தான் பாவம் செய்தவள். புருஷன் சொன்னான், ஊர் சொன்னது, கடைசியில் அவளே சொல்லிக்கொண்டாள். மாதம்தோறும் கிருத்திகையன்று ஈரப் புடவையோடு, வெறுங்காலோடு, திருத்தணி முருகன் மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறி மன்னிப்புக் கேட்டாள். இருபத்தாறு ஆண்டுகள். பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சம் படிக்கு மேல். ஒரு பெண் செய்யாத குற்றத்துக்காக அத்தனை படி ஏறுவதைப் பக்தி என்று மெச்சிய ஊர் அது. எந்த ஊரும் அப்படித்தான் மெச்சியிருக்கும்.

2007 மே மாதம் திருத்தணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை முகாம் நடந்தது. பிரபாவதி அண்ணனை அழைத்துப் போனாள். காதைச் சோதித்த பெண் மருத்துவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"அப்பா அம்மா சொந்தமா?"

"ஆங். அம்மாவோட தாய்மாமன்தான் எங்க நைனா."

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"நைனாவோட சித்தப்பா ஒருத்தர் இருந்தாராம். அவரும் பேச மாட்டாராம்."

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆவணில. அம்மாவோட தம்பிய."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே வரிசை நீண்டிருந்தது. ஆனாலும் ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டு நான்கு கட்டம் வரைந்தார்.

"காது கேக்கறதுக்கான குறிப்பு நம்ம உடம்புக்குள்ள ரெண்டு பிரதி இருக்கும்மா. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. ஒண்ணு பழுதா இருந்தாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும். அதனால பழுது இருக்கறதே யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ரெண்டு பேர் கல்யாணம் பண்ணி, ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் பழுதான பிரதியே குழந்தைக்கு வந்துட்டா காது கேக்காது." நான்கில் ஒரு கட்டத்தை மட்டும் கறுப்பாக்கினார். "நாலுல ஒண்ணு. அந்நியத்துல ரெண்டு பேர்கிட்டயும் அதே பழுது இருக்கறது அபூர்வம். சொந்தத்துல அப்படி இல்ல. உங்க அண்ணனுக்கு இதுதான் காரணமா இருக்கணும். கிரகணமும் இல்ல, சாபமும் இல்ல. யார் தப்பும் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் பிரபாவதி ஸ்டூடியோ வரைக்கும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். கெங்கம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"குறிப்பாம், பிரதியாம். யாரு பாத்தா உள்ள? கண்ணால பாத்த மாதிரி சொல்றியே. கெங்கையம்மன் கோயில்ல பூ கட்டிப் பாத்தேன்டீ. செவப்பு ஒரு பொட்டலம், வெள்ள ஒரு பொட்டலம். எதிர் வீட்டுக் கொழந்த எடுத்துக் குடுத்துச்சு. வெள்ள வந்துச்சு. அம்மனே கட்டிக்கன்னு சொல்லிட்டா. உன் டாக்டரு அம்மனுக்கு மேலயா?"

நினைத்த காரியம் கூடுமா என்று இலையில் மடித்த பூவை எடுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். வெள்ளை வந்தால் கூடும். சிவப்பு வந்தால் கூடாது. கெங்கம்மாளுக்கு வெள்ளை வந்துவிட்டது.

யாரு பாத்தா உள்ள என்ற கேள்விதான் பிரபாவதியைத் தூங்கவிடாமல் செய்தது. பார்க்காததைக் காட்டுவதுதானே அவள் தொழில். ஸ்டூடியோக் கணினியில் இதயம் பறக்க வைக்கும் மோஷன் கிராபிக்ஸ் மென்பொருளுக்கு இதயம்தான் வேண்டும் என்று கட்டாயமா?

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. கணினி சும்மா கிடக்கும். அதில் ஒரு படம் செய்துகொள்ளட்டுமா என்று கோதண்டபாணியிடம் கேட்டாள்.

"இன்னா படம்?"

"சொந்தத்துல கட்டிகினா இன்னா ஆவும்னு வெளக்குற படம்ணா."

கோதண்டபாணி டீயை மேசை மேல் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, கல்யாண வீடியோக் கடையில உக்காந்துகினு கல்யாணத்த நிறுத்துறதுக்கு வீடியோ எடுக்கிறியா? அதுவும் உன் கல்யாணத்த? டைட்டில் நானே ஓசியில போட்டுத் தரேன்னு உன் மாமன்கிட்ட வாக்கு குடுத்துட்டேனே!"

"அந்த ஓசிய இதுக்குக் குடுங்கண்ணா."

அவர் கணினி மேல் மூடியிருந்த துணியை எடுத்துவிட்டார். அதுதான் அனுமதி.

முதல் நாள் காலை அவள் மென்பொருளைத் திறந்து, சிடியைப் போடாமல், வெறும் கறுப்புத் திரை முன் உட்கார்ந்தாள். ஐந்து ஆண்டுகளில் அந்தத் திரையை அவள் வெறுமையாகப் பார்த்ததே இல்லை. ஒரு வட்டம் வரைந்தாள். முதல் நொடியில் அது திரையின் இடது ஓரம். மூன்றாவது நொடியில் வலது ஓரம். இரண்டு இடத்திலும் கீஃப்ரேம் என்கிற சின்னக் குறியை வைத்துவிட்டு ஓட விட்டாள். வட்டம் நகர்ந்தது.

இடைப்பட்ட இரண்டு நொடியில் நொடிக்கு இருபத்தைந்து படம் வீதம் ஐம்பது படங்கள். ஒன்றைக்கூட அவள் வரையவில்லை. புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் சொன்னாள். வழி முழுவதையும் கணக்கு போட்டது. அவள் ஒரு குறியை அரை அங்குலம் தள்ளி வைத்தாள். ஐம்பது படங்களும் அதற்கு ஏற்ப நகர்ந்து கொடுத்தன. திரும்பத் திரும்ப ஓட விட்டாள். கோதண்டபாணி எட்டிப் பார்த்து, "ஒரு பந்து உருளுறதுக்கா இப்படிச் சிரிக்கிற?" என்றார்.

சிரிக்கத்தான் வேண்டும். மலையைச் சுமந்தவன், கடலைக் குடித்தவன் என்று கதை கேட்டு வியக்கப் பழகியவர்கள் நாம். மனிதன் பெருக்கவும் வகுக்கவும் கற்றுக்கொண்டு, அந்தக் கணக்கை மணலிலிருந்து எடுத்த ஒரு சில்லுக்குள் ஓட விட்டு, கே.ஜி.கண்டிகைக் கூலிக்காரி மகளின் விரலுக்கு ஒரு வட்டத்தை நகர்த்தித் தந்திருக்கிறான். எந்தப் புராணத்தில் இதற்கு ஈடு உண்டு?

பத்து நாளில் இரண்டரை நிமிடப் படம் தயாரானது. ஓர் ஆண், ஒரு பெண். மனித உருவம் வரையத் தெரியாததால் கல்யாண சிடியிலிருந்தே மணமகன், மணமகளை எடுத்துக்கொண்டாள். ஆளுக்கு இரண்டு வட்டம், ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. வட்டங்கள் புறப்பட்டு நான்கு குழந்தைகளுக்குப் போகும். மருத்துவர் வரைந்த நான்கு கட்டம்தான் நான்கு குழந்தைகள். முதல் மூவருக்குப் பச்சை இருக்கும். நான்காவது குழந்தைக்கு இரண்டும் கறுப்பு. அவள் குரலிலேயே விளக்கமும் பின்னணியில் கீபோர்டு இசையும் சேர்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அண்ணனையும் ஸ்டூடியோவுக்கு வரவழைத்தாள். கெங்கம்மாள் படத்தைக் கவனமாகப் பார்த்தாள். முடிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா கீதுடீ. பொண்ணு மாப்பிள்ள ஜோடி கண்ணுலயே நிக்கிது. இத உன் கல்யாணத்துக்கே போடலாம்."

"அம்மா, படம் இன்னா சொல்லுதுன்னு பாத்தியா?"

"பாக்காம? நாலாவது புள்ளைக்குத்தான் காது கேக்காது. இதுக்கா என்ன ரெண்டு மாசமா பயமுறுத்திகினு இருந்த? இந்தக் காலத்துல யாரு நாலு பெத்துக்கிறாங்க? ரெண்டோட நிறுத்திக்க. முடிஞ்சிது."

கல்யாணத்தை நிறுத்தச் செய்த படம் கல்யாணத்துக்குக் கடைசித் தடையையும் நீக்கிக் கொடுத்துவிட்டது. பின்னால் நின்ற கோதண்டபாணியும், "நானும் அப்பிடித்தான்மா நெனச்சேன். நாலாவதத் தவிர்த்துட்டா சரியாப் போச்சு" என்றார்.

ஆறுமுகம் ஸ்டூலிலிருந்து எழுந்தான். படத்தின் குரலும் இசையும் அவனுக்கு இல்லை. அவன் பார்த்தது நான்கு குழந்தைகளை, கடைசிக் குழந்தையின் காதுப் பக்கத்தில் போட்ட பெருக்கல் குறியை. திரையில் அந்தக் கடைசிக் குழந்தையைத் தொட்டான். இல்லை என்று தலையாட்டினான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, ஒரு விரலை உயர்த்தினான்.

நான் முதல் பிள்ளை.

மறுப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. கெங்கம்மாள் மட்டும், "அவன் கெரகணத்தால ஆனவன், அவனை இதுல சேக்காத" என்று எழுந்து போய்விட்டாள்.

பிழை எங்கே என்று பிரபாவதிக்கு அப்போதுதான் விளங்கியது. நாலில் ஒன்று என்று மருத்துவர் சொன்னது வரிசை இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாக ஒரு தடவை. முதல் குழந்தைக்கே வரலாம். பத்துக் குழந்தைக்கும் வராமலே போகலாம். அவளோ நான்கு கட்டத்தையும் அப்படியே நான்கு குழந்தைகளாக்கிவிட்டாள். ஆனால் 'ஒவ்வொரு தடவையும் புதிதாக' என்பதை எப்படிப் படமாகக் காட்டுவது?

மறுநாள் மதியம் மலையடிவாரத்துப் பூக்கடைக்குப் போனாள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரத் தொடங்கியிருந்தன. ஆறுமுகத்தின் முன்னால் ஒரு பக்கம் வெள்ளை நந்தியாவட்டை, ஒரு பக்கம் சிவப்பு அரளி. அண்ணனின் கை இரண்டு குவியலுக்கும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா பூ கட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

நான்கு பூக்களை எடுத்தாள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு. நான்கையும் தனித்தனியே இலையில் மடித்தாள். இரண்டு பொட்டலத்தை ஆறுமுகத்தின் இடது கையில் வைத்து, அம்மா என்று குங்குமமிடும் இடத்தைக் காட்டினாள். இரண்டை வலது கையில் வைத்து, நைனா என்று மீசையை முறுக்கிக் காட்டினாள். கண்ணை மூடி, கைக்கு ஒன்றாக எடுத்துப் பிரித்தாள். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. தன் காதைத் தொட்டுச் சிரித்தாள்: கேட்கும். மறுபடி மடித்து, குலுக்கி, எடுத்தாள். சிவப்பு, சிவப்பு.

ஆறுமுகம் அந்த இரண்டு சிவப்புப் பூவையும் வெகுநேரம் பார்த்தான். பிறகு தன் காதைத் தொட்டான். கையை விரித்தான். அவ்வளவுதானா என்று கேட்டான்.

அவ்வளவுதான் என்றாள்.

அதற்குப் பிறகு அவன் செய்ததை நினைத்தால் இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. அவளை விடவில்லை. மறுபடி மடி, மறுபடி எடு என்றான். ஒவ்வொரு தடவையும் முடிவை வாழைநாரில் கட்டிக்கொண்டே வந்தான். காது கேட்கும் பிள்ளை என்றால் ஒரு வெள்ளைப் பூ, கேட்காத பிள்ளை என்றால் ஒரு சிவப்புப் பூ. எழுத்து தெரியாதவன், எண் எழுதத் தெரியாதவன். எந்த ஆய்வுக்கூடத்திலும் நடக்கிற அதே காரியம், எடு, பார், குறித்து வை, மறுபடி எடு, அந்தப் பூக்கடையில் நடந்தது. கடைக்காரர், "அண்ணனும் தங்கச்சியும் பூவ வெச்சிகினு இன்னா வெளையாடுறீங்க, காவடிக்காரன் காத்துகினு கீறான்" என்று கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. அவள் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

நாற்பது தடவை. சரத்தில் பதினொரு சிவப்பு. ஒரு சிவப்பு இரண்டாவதாக வந்திருந்தது. ஓர் இடத்தில் மூன்று அடுத்தடுத்து. ஓர் இடத்தில் ஒன்பது வெள்ளை தொடர்ச்சியாக. ஆறுமுகம் சரத்தை நீட்டிப் பிடித்து, ஒழுங்கு தேடினான். ஒழுங்கு இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் அப்படிச் சத்தம் வரச் சிரித்ததை அந்தக் கடையில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

பிரபாவதி சரத்தை ஈரத்துணியில் சுற்றி ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனாள்.

இரண்டாவது படத்தில் மணமகனும் மணமகளும் இல்லை. இரண்டு ஜோடிக் கைகள் மட்டும். கை வரையத் தெரியாததால் ஆறுமுகத்தின் கைகளைக் கல்யாணக் கேமராவில் பிடித்து, ஒவ்வொரு படமாக அதன் மேல் கோடு இழுத்தாள். முதலில் கை மரக்கட்டை போல நகர்ந்தது. மனிதக் கை ஓரிடத்தில் சட்டென்று நிற்பதில்லை, தயங்கி நிற்கிறது என்பதை ஆங்கில உதவிப் பக்கத்தை அகராதி வைத்துப் படித்து, வேகத்தைக் கடைசியில் குறைக்கக் கற்றாள். பொட்டலங்கள் கையோடு சேர்ந்தே அசைய வேண்டும் என்பதற்காக லேயர் என்கிற ஓர் அடுக்கோடு இன்னோர் அடுக்கைப் பிணைக்கக் கற்றாள். குரலை எடுத்துவிட்டாள். இசையையும் எடுத்துவிட்டாள். எழுத்தும் இல்லை. அண்ணனுக்குப் புரியாத எதையும் படத்தில் வைக்கக் கூடாது என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். குழந்தைகள் வரும் வரிசையையும் அவள் கற்பனை செய்யவில்லை. ஆறுமுகம் கட்டிய சரத்தைப் பார்த்துப் பூப்பூவாக வைத்தாள்.

வேலை முடிந்து படம் கோப்பாக மாற ஆறு மணி நேரம் ஆகும் என்றது கணினி. நான்காவது மணியில் மின்சாரம் போனது. பத்து நிமிடம் தாங்கும் யூபிஎஸ் கத்திக் கத்தி அடங்கியது. எல்லாம் போனது. மறுநாளும் அதேபோல. மூன்றாம் நாள் காலை அவள் வந்தபோது, கல்யாண மண்டபங்களுக்கு விளக்கு போட வாடகைக்கு விடும் ஜெனரேட்டரைக் கோதண்டபாணி ஸ்டூடியோ வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அப்பிடிப் பாக்கிற? ஆடியில இதுவும் சும்மாதான் கெடக்குது" என்றார். பிறகு மெல்ல, "எங்க அக்கா பொண்ணையும் எங்க தம்பிக்குத்தான் பேசிகினு கீறாங்க. முடிஞ்சதும் எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடு" என்றார்.

முதலில் ஆறுமுகத்துக்குக் காட்டினாள். திரையில் தன் கைகள் கோட்டுக் கைகளாக எழுந்து வருவதைக் கண்டதும் அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பொட்டலம் பிரிந்தது. வெள்ளையும் சிவப்பும், ஒரு குழந்தை சத்தம் கேட்டுத் திரும்பியது. பூக்கள் கைக்குத் திரும்பின, மடிந்தன, குலுங்கின. சிவப்பும் சிவப்பும், குழந்தை திரும்பவில்லை. ஆனால் அதுவும் மற்றதைப் போலவே சிரித்தது. மறுபடியும் பூக்கள் கைக்குத் திரும்பின. மறுபடியும். மறுபடியும். கடைசியில் திரை முழுக்க அவன் கட்டிய சரம், நாற்பது பூக்களோடு, மெல்ல விரிந்தது. ஆறுமுகம் பூக்களை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தான். ஒன்றும் மாறவில்லை. கட்டை விரலை உயர்த்தினான்.

அடுத்த நாள் அம்மாவும் கிருஷ்ணனும் வந்தார்கள். கிருஷ்ணன் காக்கிச் சட்டையோடு, "சீக்கிரம் காட்டு பிரபா, வண்டிய நோ பார்க்கிங்ல உட்டுட்டு வந்துகீறேன்" என்றபடியே உட்கார்ந்தான். மூன்று நிமிடம். அறையில் ஜெனரேட்டர் சத்தம் தவிர வேறில்லை. முடிந்ததும், "இன்னொரு தபா போடு" என்றான். போட்டாள்.

"எங்கிட்ட அந்தச் செவப்பு கீதா, இல்லியா?"

"தெரியாது மாமா. எங்கிட்டயும் கீதான்னு தெரியாது. அண்ணனுக்கு வந்ததால அம்மாகிட்ட கண்டிப்பா ஒண்ணு கீது. நீ அம்மா கூடப் பொறந்தவன். உனக்குப் பாதிக்குப் பாதி. எனக்கு அதுக்கும் மேல."

"பிரிச்சுப் பாக்க முடியாதா?"

"இங்க முடியாதாம்."

அவன் ஆறுமுகத்தைப் பார்த்தான். ஆறுமுகம் கிருஷ்ணனின் தோளில் கை வைத்தான்.

"ஆறுமுகம் மாதிரி ஒரு புள்ள பொறந்தா நான் ஒண்ணும் தூக்கிப் போட்டுட மாட்டேன்" என்றான் கிருஷ்ணன்.

"தெரியும் மாமா. நீ போட மாட்ட. பள்ளிக்கூடத்துல வாசல்லயே நிறுத்துவாங்க. ஊரு என்ன மலை ஏறச் சொல்லும். நான் ஏற மாட்டேன்."

அவன் தோள் துண்டை எடுத்து முழங்காலில் தட்டினான். கண் கலங்கியதை மறைக்க, "அப்ப டைட்டில் வேஸ்டா, கோதண்டண்ணா?" என்று சிரிக்கப் பார்த்தான். எழுந்து பிரபாவதியின் தலையில், அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தட்டுவது போல, ஒரு தட்டு தட்டினான். "அக்கா, எனக்கு வெளிய பொண்ணு பாரு" என்றான்.

இத்தனை நேரமும் கெங்கம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நின்றதை அவள் கவனித்தாளா என்றே தெரியவில்லை.

"பிரபா. மொதல்ல ரெண்டு ஜோடிக் கை வந்துச்சே, அங்க நிறுத்து."

நிறுத்தினாள். திரையில் வளையல் போட்ட கைகளில் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. எதிரே வளையல் இல்லாத கைகளில் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு.

"இது உங்க நைனா கையா?"

"ஆங்."

"அவருகிட்டயும் ஒண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. ரெண்டு பேருகிட்டயும் இருந்தாத்தான் அண்ணனுக்கு வரும்."

"கெரகணத்துக்கு முன்னாடியே?"

"நீங்க ரெண்டு பேரும் பொறக்கும்போதே."

கெங்கம்மாள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். அந்த வளையல் இல்லாத கையிலிருந்த சிவப்புப் பூவை விரலால் தொட்டாள். கண்ணாடி மேல் நீர்த்துளி போல விரல் ரேகை பதிந்தது. இறந்து ஒன்பது ஆண்டான புருஷனிடம் கேட்பது போலச் சொன்னாள்: "நீயும்தான்யா வெச்சிகினு இருந்திருக்க."

அவள் அழவில்லை. முகத்தில் பெரும் வியப்பு. தன் உடம்புக்குள் இத்தனை காலம் மடித்து வைத்த பூவை யாரோ பிரித்துக் காட்டிவிட்ட வியப்பு. "அம்மன் கோயில்ல ஒரே தடவதான் எடுத்தேன். நாப்பது தடவ எடுத்துப் பாக்கணும்னு எனக்குத் தோணலியே" என்றாள். எனக்குத் தெரிந்து நிகழ்தகவைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் பேசியதில்லை.

கிருஷ்ணனுக்கு அடுத்த தையில் பள்ளிப்பட்டுப் பக்கம் அந்நியத்தில் பெண் அமைந்தது. அந்தக் கல்யாண வீடியோவில் பெயரைப் பறக்க விட்டவள் பிரபாவதிதான். அவளுடைய மூன்று நிமிடப் படத்தின் சிடிகள் அவன் ஆட்டோவின் முன்பெட்டியில் கிடந்தன. அம்மையார்குப்பம் வரைக்கும் யார் வீட்டில் மாமன் மகள் பேச்சு எழுந்தாலும் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவான். பார்த்த எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். முகத்தில் வீசி எறிந்தவர்கள் உண்டு. சொத்தும் சாதியும் வெளியே போகக் கூடாது என்று பிள்ளைகளைப் பலி கொடுப்பவர்களுக்குப் படம் காட்டிப் பயனில்லை. கோதண்டபாணியின் தம்பி மட்டும் அக்கா மகளைக் கட்டவில்லை.

அதற்கெல்லாம் முன்பே, அந்த ஆண்டு ஆவணியில், கல்யாணம் நடந்திருக்க வேண்டிய வாரத்திலேயே, கிருத்திகை வந்தது. கெங்கம்மாள் வழக்கம்போல் மலைக்குப் புறப்பட்டாள். பிரபாவதிக்குச் சுருக்கென்றது. மதியம் அம்மா ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றபோது புடவை ஈரமில்லை. காலில் செருப்பு இருந்தது.

"படி ஏறலியாம்மா?"

"இன்னாத்துக்கு?" என்றாள் கெங்கம்மாள். "பஸ்ல போயிட்டு வந்தேன். ஜன்னல் சீட்டு கெடச்சுது. மேலேர்ந்து பாத்தா நம்ம ஊரு தெரியுதுடீ, இத்தினி வருசமா நான் பாத்ததே இல்ல."